ஆடி டிடியா, பிஎம்டபிள்யூ இசட்4-ஆ? வேலூரில் வைத்து ஓட்டப்போகிறவருக்கான கணக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கி வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ வைத்து ஓட்டப்போகிறீர்கள், கையில் இருப்பது 20 லட்சம் என்றால், டிடி வாங்குங்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் மனம் குளிர்வது இசட்4-இல்தான். ஆனால் இந்தக் கார்களைத் தெரிந்து கைவைக்கிற ஒர்க்‌ஷாப் சென்னையில் இருக்கிறது, இல்லாவிட்டால் பெங்களூரில். ஒன்று சுமார் 140 கிலோமீட்டர், மற்றது 210. பழுது வந்தால் அந்தத் தூரத்தை காரை ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டியில்தான் கடக்க வேண்டும். எந்தக் கார் முன்கூட்டியே அறிகுறி காட்டும், எது திடீரென்று நின்றுவிடும் என்பதுதான் இங்கே முக்கியம்.

இங்கே பேசுவது 2009-இல் வந்த இசட்4 எஸ்டிரைவ்35ஐ, 2010-க்குப் பிறகு வந்த 211 குதிரைத்திறன் டிடி 2.0 டிஎஃப்எஸ்ஐ ஆகிய இரண்டைப் பற்றி. முந்தைய 200 குதிரைத்திறன் டிடி வேறு இன்ஜின். அதில் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லும், ஹை பிரஷர் பம்பைத் தள்ளும் கேம் ஃபாலோயரைக் கழற்றிப் பார்த்ததற்கான பதிவும் இல்லையென்றால் வேண்டாம். ஃபாலோயர் தேய்ந்து ஓட்டை விழுந்தால் கேம்ஷாஃப்டும் சேர்ந்து போய்விடும்.

இசட்4-இல் இருப்பது என்54 இன்ஜின்: ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைத்திறன், 400 என்எம். நிறுவனக் கணக்கில் 100 கி.மீ. வேகத்தை 5.1 விநாடியில் தொடும். டிடி அரை விநாடி பின்தங்கும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, நீண்ட மூக்கு, பின் ஆக்சிலை ஒட்டி உட்காரும் இருக்கை என்று ஓட்டுகிற சுகத்தில் டிடியை இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது.

பிரச்சினை அந்த இன்ஜினைச் சுற்றியுள்ள பாகங்களில் இருக்கிறது. ஹை பிரஷர் ஃப்யூவல் பம்ப் பலவீனமானது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது செல்ஃப் நீளமாகச் சுற்றினால், ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது பவர் வெட்டினால், சந்தேகம் அதன் மேல்தான். அடுத்து இன்ஜெக்டர். ஆறும் பீசோ வகை. பழைய இன்டெக்ஸ் எண் கொண்டவை ஒழுகும், மிஸ்ஃபயர் ஆகும். கடைசியாக வந்த இன்டெக்ஸ் 12 மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் ஒவ்வொன்றின் கோடும் இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஆறையும் நீங்களே மாற்ற நேர்ந்தால் செலவு லட்சத்தில்தான் ஆரம்பிக்கும். சுமார் 2000 ஆர்பிஎம்மில் காலை எடுக்கும்போது தகர டப்பா போலச் சலசலத்தால் அது டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வு. ஓடுவதற்கு உடனே தடையில்லை, ஆனால் விலையில் குறைத்தே பேச வேண்டும்.

வேலூர் வெயிலுக்கு மிகவும் பயப்பட வேண்டியது அந்தக் காரின் வாட்டர் பம்ப். அது பெல்ட்டில் சுற்றுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. சத்தம் போடாமல் நின்றுவிடும். மஞ்சள் எச்சரிக்கை வந்து சிவப்பாக மாறுவதற்குள் ஓரங்கட்டாவிட்டால் சிலிண்டர் ஹெட் போய்விடும். 80,000 கி.மீ. தாண்டிய காரில் பம்பும் தெர்மோஸ்டாட்டும் மாற்றிய பில் இல்லையென்றால், வாங்கிய வாரமே இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கூலன்ட் நிரப்பும் முறையும் வேறு. பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு, இக்னிஷனை ஆன் செய்து, ஹீட்டரை உச்ச வெப்பத்திலும் ஃபேனைக் குறைந்தபட்சத்திலும் வைத்து, ஆக்சிலேட்டரைப் பத்து விநாடி மிதித்தால், இன்ஜின் ஓடாமலேயே பம்ப் சுமார் 12 நிமிடம் சுற்றிக் காற்றை வெளியேற்றும். இது தெரியாத மெக்கானிக், மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிடுவார். காற்று உள்ளேயே நிற்கும்.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே கசியும் ஆயில் பெல்ட்டில் விழும். பெல்ட் பிய்ந்தால் அதன் நார் கிராங்க் முன் சீலுக்குள் இழுக்கப்படும். சில நூறு ரூபாய் ரப்பர், இன்ஜினைத் திறக்கவைத்துவிடும். இந்த இன்ஜினில் டிப்ஸ்டிக் கிடையாது, ஆயில் அளவை ஸ்கிரீனில்தான் பார்க்க முடியும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மடங்கும் அலுமினியக் கூரை திறக்கச் சுமார் 20 விநாடி ஆகும். விற்பவர் ஒருமுறை திறந்து காட்டினால் போதாது. மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள், நடுவில் தயங்கக் கூடாது. டிக்கியில் ஹைட்ராலிக் ஆயில் பிசுபிசுப்பு இருக்கிறதா, கீல் அருகே மடிகிற ஒயரிங் வெடித்திருக்கிறதா, கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரவாடை வருகிறதா என்று பாருங்கள். தண்ணீர் வடியும் குழாயில் தூசி அடைத்தால் மழைநீர் உள்ளேதான் இறங்கும். கூரை மூடியிருந்தால் டிக்கி 310 லிட்டர், திறந்தால் 180. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி இல்லை.

டிடிக்கு வருவோம். அதன் இஏ888 இன்ஜின், இங்கே நிறைய ஓடிய ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ இன்ஜினின் அண்ணன். காயில், பிளக், பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றுவது), சென்சார் என்று வழக்கமாகப் போகிற பாகங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஸ்கோடா வேலை தெரிந்த நல்ல மெக்கானிக் இதைப் பார்த்து மிரள மாட்டார். டிடிக்கு எங்கள் ஓட்டு விழுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. டைமிங் செயின் டென்ஷனர் முதலில். 2012-க்கு முந்தைய வடிவம் பிடியை விட்டால் செயின் பல் தாண்டி வால்வுகள் வளையும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது போங்கள். போனெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சங்கிலிச் சத்தம் வந்தால் பேரத்தை நிறுத்துங்கள். இரண்டாவது, ஆயில் குடிப்பது. 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை நிறுவனம் ஏற்கிறது. அதற்கு மேல் என்றால் பிஸ்டனும் ரிங்கும் மாற்றுகிற வேலை. ஐடிலில் ஆயில் மூடியைத் திறக்கும்போது பலமாக உறிஞ்சி விசில் அடித்தால் பிசிவி போய்விட்டது, அது சின்னச் செலவுதான்.

கியர்பாக்ஸ் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ஆயிலில் நனைந்த கிளட்ச். கெட்டபெயர் வாங்கிய ஏழு கியர் டிரை கிளட்ச் டிஎஸ்ஜியோடு இதைக் குழப்ப வேண்டாம். 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பில் கட்டாயம் வேண்டும். நான்கு சக்கரமும் தள்ளுகிற குவாட்ரோ என்றால், பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் ஹால்டெக்ஸ் கப்ளிங்கின் ஆயிலும் தனியாக மாற்றப்பட்டிருக்க வேண்டும், பலரும் மறந்துவிடுகிற இடம் அது. மேக்னட்டிக் ரைடு (கடினத்தை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன்) உள்ள காரில் நான்கு ஷாக் அப்சார்பரிலும் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

பாடியைக் காந்தம் வைத்துப் பாருங்கள். டிடியின் போனெட், முன் ஃபெண்டர், கூரை அலுமினியம், காந்தம் ஒட்டாது. கதவும் டிக்கி மூடியும் இரும்பு. ஃபெண்டரில் காந்தம் ஒட்டினால் அடிபட்டு வேறு பாகம் போட்டிருக்கிறார்கள். அலுமினியத்தை நிமிர்த்துவது சாதாரண டிங்கரிங் கடை வேலை அல்ல.

ஓட்டிப் பார்க்க இரண்டு இடம் போதும். மாலை நெரிசலில் கிரீன் சர்க்கிள் பக்கம் அரை மணி நேரம் ஊர்ந்து செல்லுங்கள். கிளட்ச் உதறல் இருந்தால் முதல், இரண்டாம் கியரில் தெரிந்துவிடும், ஏசியின் தெம்பும் தெரியும். பிறகு ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டபடி ஏறுங்கள், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்தபடி. மேலே போய் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் தடுமாறுகிற பம்ப், கசிகிற இன்ஜெக்டர் எல்லாம் அப்போது வெளியே வரும். பாலாற்றுப் பக்கத்துப் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிய காரும் சிக்கும்: ரிசர்வாயரில் வெள்ளை உப்பு படிந்திருக்கும். இரண்டு காருக்குமே நிறுவனக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் மட்டுமே.

சீட்டைப் பற்றி, தோல் தொழில் நடக்கிற நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலைத் தொட்டாலே வயது தெரிந்துவிடும். ஓட்டுநர் பக்கத்து ஓரம் வெடித்து, மீட்டர் 30,000 கி.மீ. காட்டினால் நம்பாதீர்கள்.

20 லட்சத்தில் காருக்கு 16-க்கு மேல் கொடுக்காதீர்கள், மீதி முதல் வருட வேலைகளுக்கு. இதில் ஆர்சி கணக்கும் அடங்கும். 2010, 2011 கார்களின் 15 ஆண்டுப் பதிவு முடிகிற காலம் இது. புதுப்பிக்கும் கட்டணம் உள்நாட்டுக் காருக்கு 5,000 ரூபாய் என்றால், இறக்குமதிக் காருக்கு 40,000. ஆர்சியில் தேதியைப் பார்த்து அதை விலையில் கழியுங்கள். கர்நாடகப் பதிவு, டெல்லிப் பதிவுக் கார் மலிவாகத் தெரியும். அந்த ஊர் ஆர்டிஓவிடம் படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வந்து, இங்கே ஆயுள் வரி கட்டி வேலூரின் டிஎன்23 எண் வாங்கும்போதுதான் உண்மை விலை தெரியும். அந்த வரி, காரின் அசல் விலையையும் வயதையும் வைத்து வரும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் இன்வாய்ஸ் நகலைக் காட்டித் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் இருந்த கார் என்றால் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் கைக்கு வராமல் மீதிப் பணத்தை விடாதீர்கள்.