சுவரோவியம்: ஒரே ஓவியரா, ஊரே சேர்ந்தா?

பினாங்கில் சுவரோவியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, எர்னஸ்ட் சகாரேவிச் 2012இல் ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிளோடு சேர்த்து வரைந்த பிள்ளைகள்தான். தனி ஓவியர் என்றால் கோடு பிசிறாது. சரி, அதை மறுக்க முடியாது.

ஆனால் நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) சுவருக்கு என் ஓட்டு கூட்டு வேலைக்குத்தான். சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தச் சாயம் என்று எண் போட்டுவிட்டால் தூரிகையே பிடிக்காதவரும் சேரலாம். பாட்டிமார்களுக்குக் கீழ்வரிசை, இளைஞர்களுக்குச் சாரம். நடுவில் தே தாரிக், அரட்டை. எதிர்வீட்டுக்காரர் பெயரே அப்போதுதான் தெரியவரும்! அந்தச் சந்தோஷம் தனியாள் வேலையில் கிடைக்காது. கட்டங்களின் ஓரத்தில் நிறம் சற்று மாறும். கடைசியில் கைதேர்ந்தவர் ஒருவர் திருத்தினால் போதும். வெயில் ஏறுமுன் தொடங்குங்கள், சுவர் சுட்டால் சாயம் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும்.