இத்தாலிய வழியில் ஆப்பிரிக்க, அரபுக் கலப்பு உண்டா? ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ, அந்தெனாத்தி: ஒரு மதிப்பீடு

பினாங்கிலும் கேஎல்லிலும் இத்தாலிய மருமகளோ மருமகனோ வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பேரப்பிள்ளை வளர வளர ஒரு கேள்வியும் வளரும். சிசிலியிலிருந்து வந்துபோகும் சம்பந்தியம்மாவின் சுருள் முடியும் மாநிறமும், "எங்கள் வழியில் ஒரு மூர் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்) இருந்தார்" என்று அவர் வீட்டில் வழங்கும் பேச்சும் உண்மையில் எங்கிருந்து வந்தவை? இதற்கு விடை தேடுபவர்களுக்கு இரண்டு சேவைகளைப் பரிந்துரைக்கலாம். ஒன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் இயங்கும் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ. அதன் ஃபேமிலி ஃபைண்டர் என்ற கன்னத் தடவல் மரபணுச் சோதனைக்குப் பட்டியல் விலை 79 அமெரிக்க டாலர், தள்ளுபடிக் காலத்தில் நன்றாகவே இறங்கும். மற்றொன்று இத்தாலிய ஆவணக் காப்பகத் துறை 2011இல் தொடங்கிய, பழைய பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகளின் படங்களைக் காட்டும் அந்தெனாத்தி இணையத்தளம். அது முற்றிலும் இலவசம்.

எந்தப் பகுதி எத்தனை விழுக்காடு என்று காட்டும் வட்டப்படத்தை மட்டும் பார்ப்பதற்காக முதலாவதை வாங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் மதிப்புக் குறைந்த பகுதி அதுதான்.

யாரைச் சோதிப்பது என்பதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. வீட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தடவி அனுப்பிவிடுகிறார்கள். குழந்தையின் பாதி மரபணு தமிழ் வழியில் வந்தது. இத்தாலிய வழியில் ஏதாவது கலப்பு இருந்தாலும் அது குழந்தையிடம் பாதியாகக் குறைந்திருக்கும். தமிழ் வழி பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பமாகவோ ஜாவி பெரானாக்கான் (மலாய், இந்திய முஸ்லிம் கலப்புச் சமூகம்) தொடர்புள்ளதாகவோ இருந்தால், முடிவில் தெரியும் அரபுச் சாயல் எந்தப் பக்கத்தது என்று பிரிக்கவே முடியாது. ஆகவே உயிரோடு இருக்கும் மூத்த இத்தாலிய உறவினரைச் சோதியுங்கள். பாட்டி இருந்தால் பாட்டி, இல்லையென்றால் அவருடைய உடன்பிறந்தவர். குழந்தையை மட்டும்தான் சோதிக்க முடியும் என்றால் தமிழ்ப் பெற்றோரையும் சேர்த்துச் சோதித்து, இருவர் கணக்கையும் குடும்ப மரத்தில் இணையுங்கள். தளம் பொருத்தங்களை, அதாவது மரபணு ஒத்துப்போகும் பிற பயனர்களை, தாய்வழி, தந்தைவழி என்று தானே பிரித்துக் காட்டும்.

மாதிரி எடுப்பது எளிது, கெடுவதும் எளிது. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாப்பாடு, கோப்பி ஓ, புகை, பல் துலக்கல் எதுவும் கூடாது. உணவுத் துகளும் கிருமிகளும் மனித மரபணுவோடு கலந்தால் ஆய்வகத்தால் படிக்க முடியாது. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும், பல் செட் போட்டவர்களுக்குக் கன்னத்துச் செல்கள் குறைவாகவே ஒட்டும். செட்டைக் கழற்றி, நாக்கால் கன்னத்தின் உட்புறத்தை நனைக்கச் சொல்லி, ஒரு குச்சிக்கு ஒரு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். நுனியைக் குப்பிக்குள் விட்டு மூடியை இறுக்குங்கள். குப்பியில் உள்ள திரவம் மாதிரியைக் காப்பதற்கானது, கொட்டிவிடாதீர்கள். பொட்டலத்தை வெயிலில் நிற்கும் காரில் விடவேண்டாம். போஸ் மலேசியாவில் தடம் பார்க்கும் வசதியுள்ள வெளிநாட்டு அஞ்சலில் அனுப்பி, சுங்கப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

முடிவு வந்ததும் முதலில் கணக்குப் போடுங்கள். தாத்தா பாட்டி ஒருவரிடமிருந்து சராசரியாக 25 விழுக்காடு, கொள்ளுத்தாத்தாவிடமிருந்து 12.5, எள்ளுத்தாத்தாவிடமிருந்து 6.25, அதற்கு மேல் 3.1, 1.6 என்று குறைந்துகொண்டே போகும். ஒன்று, இரண்டு விழுக்காட்டை வைத்து எதையும் கட்ட முடியாது. அந்த அளவில், நிறுவனம் ஒப்பிட வைத்திருக்கும் மாதிரித் தொகுப்பின் பிழையும் உண்மையான மூதாதையும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

தென் இத்தாலியருக்கு இன்னொரு சிக்கல். அவர்கள் முடிவில் வட ஆப்பிரிக்கா, லெவண்ட் (சிரியா, லெபனான் பக்கம்), கிரேக்கம், மேற்காசியா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வருவது வழக்கம். சிசிலியில் அரபுப் படையெடுப்பு 827இல் தொடங்கியது. நார்மன்கள் 1061 முதல் 1091 வரை போரிட்டுத் தீவைப் பிடித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரடெரிக் சிசிலி முஸ்லிம்களைத் தென் இத்தாலியின் லுசேரா நகருக்குக் குடிபெயர்த்தார், 1300இல் அந்தக் குடியிருப்பு அழிக்கப்பட்டது. அதன் பிறகும் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் அங்கே விற்கப்பட்டார்கள். மெசினா அருகே சான் ஃபிராத்தெல்லோவில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்து 1589இல் பலெர்மோவில் இறந்த புனித பெனடிக்ட் அந்த மக்களில் ஒருவர். 1807இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஆகவே இரண்டு மூன்று விழுக்காடு வட ஆப்பிரிக்கா என்பது தீவு முழுவதற்கும் பொதுவான வரலாறு, உங்கள் சம்பந்தி வீட்டின் தனிச் சொத்து அல்ல.

பழைய பொதுக் கலப்பையும் அண்மைக் கலப்பையும் பிரித்துப் பார்க்க ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ தளத்தில் குரோமோசோம் படம் இருக்கிறது. காசு கொடுத்தது இதற்காகத்தான். ஆப்பிரிக்காவைக் குறிக்கும் வண்ணம் பொடிப்பொடியாக எல்லாக் குரோமோசோம்களிலும் சிதறிக் கிடந்தால் அது பழங்காலத்தது, அல்லது கணிப்புப் பிழை. ஒரே இடத்தில் 20, 30 செண்டிமார்கன் (மரபணுத் துண்டின் நீள அளவை) நீளத் துண்டாக இருந்தால் அண்மைத் தலைமுறைகளில் ஒருவர் வந்திருக்கிறார். தலைமுறை தோறும் துண்டுகள் வெட்டுப்படுவதால் நீளம் காலத்தைச் சொல்கிறது.

அண்மைக் கலப்புக்கு இத்தாலியில் தெளிவான காலகட்டங்கள் உண்டு. 1890இல் எரித்திரியா இத்தாலியின் குடியேற்ற நாடானது, 1936 முதல் 1941 வரை எத்தியோப்பியா. 1940ஆம் ஆண்டின் 822ஆம் எண் சட்டம் கலப்பினக் குழந்தையை இத்தாலியத் தந்தை சட்டப்படி ஏற்பதையே தடுத்தது. ஏட்டில் தந்தை பெயர் இல்லாமல் போனதற்குச் சட்டமே காரணமாக இருந்திருக்கலாம் என்பதை அந்தக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். பிறகு போர். அமெரிக்காவின் 92ஆம் காலாட்படை டிவிஷனில் கறுப்பினப் படைவீரர்கள் 1944, 45இல் இத்தாலியில் போரிட்டார்கள். 1943 முதல் இந்திய ராணுவத்தின் 4, 8, 10ஆம் டிவிஷன்களும் அங்கே இருந்தன. இந்தக் கடைசி வகைக் கலப்பைத் தமிழ்க் குழந்தையின் மாதிரியில் தேடிப் பயனில்லை, இத்தாலியப் பாட்டியின் மாதிரியில்தான் தனித்துத் தெரியும். 1945இல் பிறந்தவருக்கு 40 விழுக்காடு அளவு மேற்கு ஆப்பிரிக்காவும், பட்டியலில் அமெரிக்கக் கறுப்பின உறவுகளும் வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

பொருத்தப் பட்டியலைப் பொறுமையாகப் படியுங்கள். 7 செண்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள், அவற்றில் பெரும்பகுதி பொய்யானது. இத்தாலியில் சோதித்தவர்கள் குறைவு. வருபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கா, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா போன இத்தாலியர்களின் பிள்ளைகள். மலைக் கிராமங்களில் நெருங்கிய உறவுக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுத்த வழக்கம் இருந்ததால் பகிர்ந்த துண்டுகளின் மொத்த நீளம் பெரிதாகத் தெரியும். மாமன் மகளைக் கட்டும் நமக்கு இது புதிதல்ல. மொத்தத்தை விட்டுவிட்டு மிக நீளமான ஒரு துண்டைப் பாருங்கள்.

தந்தைவழி ஒய் குரோமோசோம், தாய்வழி மைட்டோகாண்ட்ரியா சோதனைகளைத் தொடக்கத்தில் வாங்க வேண்டாம். பத்துத் தலைமுறை மேலே இருக்கும் 1024 மூதாதை இடங்களில் அவை ஆளுக்கு ஒரு கோட்டை மட்டும் காட்டும். ஒய் வழிக் கிளையின் பெயரில் "இ" என்ற எழுத்து வந்ததும் ஆப்பிரிக்கத் தாத்தா என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. இ-வி13 கிளை பால்கன் நாடுகளிலும் தென் இத்தாலியிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருப்பது. இ-எம்81 வந்தால் மட்டும் வட ஆப்பிரிக்கா பற்றி யோசிக்கலாம்.

இனி அந்தெனாத்தி. மாகாணக் காப்பகம், ஊர், ஆண்டு, பிறகு பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஏட்டுப் படங்களைப் புரட்ட வேண்டும். பெயர்த் தேடல் சில ஊர்களுக்கு மட்டுமே. பழைய நேப்பிள்ஸ் அரசின், தீவல்லாத தென் இத்தாலி ஊர்களுக்கு 1809இலிருந்து, சிசிலிக்கு 1820இலிருந்து குடிமைப் பதிவு உண்டு. வடக்கில் பல இடங்களில் 1815க்கும் 1866க்கும் இடையே தேவாலய ஏடுதான், அது இந்தத் தளத்தில் பெரும்பாலும் கிடைக்காது. ஆண்டு ஏட்டின் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கும், பழைய ஏடுகளில் அது சில நேரம் முதற்பெயர் வரிசையில் அமைந்திருக்கும். குடும்பப் பெயரில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் திறக்க வேண்டியது திருமண இணைப்புக் கட்டு. மணமக்களின் பிறப்புப் பதிவு நகல், இறந்த தந்தையின் இறப்புப் பதிவு நகல், சில நேரம் தாத்தாவினுடையதும் ஒன்றாகத் தைத்து வைத்திருப்பார்கள். ஒரே கட்டுக்குள் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். குடிமை ஏடு தோல் நிறத்தைச் சொல்லாது, ஆனால் கோடு எங்கே அறுகிறது என்பதைக் காட்டும். "தந்தை அறியப்படாதவர்", "பெயர் வெளியிட விரும்பாத தாய்" என்ற வரிகள், எஸ்போசித்தோ, புரொயெத்தி போன்ற கண்டெடுத்த குழந்தைப் பெயர்கள் ஆகியவை அந்த இடங்கள். அங்கேதான் டிஎன்ஏ பொருத்தத்தைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மோரோ, சரசேனோ என்ற குடும்பப் பெயர் மட்டும் சான்றாகாது.

ஊர் அலுவலகத்துக்கு எழுதும்போது சாதாரணச் சான்றிதழ் கேட்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் சட்டப்படி அதில் பெற்றோர் பெயர் இருக்காது. "கோப்பியா இன்தெக்ராலே" என்ற முழுப் படி கேளுங்கள். ஊர்ப் படியில் ஓரக் குறிப்புகளும் இருக்கும், அந்தெனாத்தியில் உள்ள, நீதிமன்றத்தில் வைத்த இரண்டாம் படியில் அவை பெரும்பாலும் விட்டுப்போயிருக்கும்.

சோதிக்கும் முன் சம்பந்தியம்மாவிடம் தெளிவாகப் பேசுங்கள். தந்தை வேறு என்று தெரியவரும் வாய்ப்பும் உண்டு. கணக்கை அவர் பெயரிலேயே திறந்து, காவல்துறை விசாரணைக்கான பொருத்தத்தை அமைப்பில் நிறுத்துங்கள். இந்நிறுவனம் அமெரிக்கப் புலனாய்வுத் துறைக்கு ஒத்துழைத்தது 2019இல் வெளிவந்த செய்தி. மாதிரியை ஆய்வகம் சேமித்து வைக்கிறது, தேவைப்பட்டால் பின்னாளில் அதிலிருந்தே தாய்வழிச் சோதனை செய்யலாம். அவருக்குப் பின் கணக்கை யார் பார்ப்பது என்று எழுத அமைப்புப் பக்கத்தில் ஓர் இடம் உள்ளது, அதை அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.