கெட்டியான ஷேவிங் க்ரீம், நீண்ட நாள் பிரஷ்: என் அனுபவம்

ஷியா வெண்ணெய், லானோலின் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு) எல்லாம் சேர்ந்த கெட்டியான ஷேவிங் க்ரீம்களைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். பேட்ஜர் என்ற விலங்கின் முடி, பன்றி முடி, செயற்கை இழை என்று மூன்று வகை பிரஷ்களும் மாறி மாறி ஓடுகின்றன. இப்படிப்பட்ட க்ரீம் போட்டால் பிரஷ் சீக்கிரம் பாழாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் பார்த்தவரை க்ரீம் மேல் அவ்வளவு குற்றம் இல்லை. தண்ணீரும், முகம் வழித்து முடித்ததும் நமக்கு வரும் அவசரமும்தான் முக்கியக் காரணம்.

ஷேவிங் க்ரீமின் அடிப்படை சோப்புதான். ஸ்டியரிக் அமிலத்தையும் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களையும் பெரும்பாலும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்துச் செய்வதால் கட்டியாகாமல் குழைவாக இருக்கிறது. கடினநீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் இந்தச் சோப்போடு சேர்ந்தால் தண்ணீரில் கரையாத ஒரு படிவு உண்டாகும். குளியலறை வாளியின் உள்பக்கம் படிகிறதே வெள்ளையாக, அதேதான். லானோலினும் ஷியாவும் இந்தப் படிவின் மேல் ஒட்டிக்கொள்ளும். முடிகள் நெருக்கமாக இருக்கும் கற்றையின் அடிப்பகுதிக்குத் தண்ணீர் சரியாகப் போகாது. அதனால் எல்லாம் போய்ச் சேருமிடம் அங்கேதான்.

அறிகுறிகள் மெதுவாகத்தான் தெரியும். வழக்கமான அளவு க்ரீம் எடுத்தும் நுரை சீக்கிரம் அமுங்கிப்போகும். காய்ந்த பிரஷ்ஷின் அடிப்பகுதியை விரலால் விலக்கினால் மெழுகு தடவியது போல முடிகள் ஒட்டியிருக்கும். இன்னும் விட்டால் கற்றை அகன்று நடுவில் குழி விழும். முகத்தில் அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் இந்தக் குழி வரும் என்பதால், அடியைத் தொட்டுப் பார்த்த பிறகே எது காரணம் என்று முடிவு செய்ய வேண்டும்.

தினசரி அலசல்தான் பாதிக்கு மேல் வேலை. குழாயடியில் நுனியைக் காட்டிவிட்டு உதறி வைப்பது போதாது. நான் ஒரு குவளையில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் பிடித்து, பிரஷ்ஷை அதில் முக்கிச் சுழற்றுவேன். அப்புறம் கற்றையை அடியிலிருந்து நுனி நோக்கி விரல்களால் பிழிவேன். முறுக்கக் கூடாது, இழுக்கவும் கூடாது. பிழிந்து வரும் தண்ணீர் பால் போல இருந்தால் தண்ணீரை மாற்றி மறுபடியும். தெளிவாக வரும்வரை இது தொடரும். கெட்டி க்ரீமுக்கு சாதா க்ரீமைவிட ஓரிரு முறை கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கடைசியில் உதறி, துண்டில் இரண்டு பக்கமும் லேசாகத் தடவினால் ஈரம் பெருமளவு போய்விடும்.

க்ரீம் லேபிளில் டெட்ராசோடியம் ஈடிடிஏ என்று இருந்தால் நல்லது. அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் அலசுகிற தண்ணீர் முழுவதையும் அதனால் சமாளிக்க முடியாது.

இதையும் மீறிப் படிவு சேர்ந்தால் ஆழமாகக் கழுவ வேண்டும். இதில் வரிசை முக்கியம். முதலில் வெள்ளை வினிகர்: ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். கற்றையை மட்டும் அதில் சில நிமிடம் வைத்து ஆட்டினால், அமிலம் அந்தப் படிவை உடைத்துக் கால்சியத்தைத் தண்ணீருக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் கொழுப்பு அமிலம் முடியிலேயே தங்கும். அதைப் போக்க அடுத்ததாகப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. குளியல் சோப்பு வேண்டாம், கடினநீரில் அது மறுபடியும் அதே படிவைத்தான் உண்டாக்கும். சிலர் திரவத்தை முதலில் போட்டுவிட்டு வினிகரோடு முடித்துக்கொள்கிறார்கள். பிசுபிசுப்பு போகவில்லையே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த வரிசையைத்தான்.

சுத்தமாக இருக்கட்டும் என்று இதை வாராவாரம் செய்யாதீர்கள். இயற்கை முடி வறண்டு நுனி உடைய ஆரம்பிக்கும். அடிப்பகுதி ஒட்டும்போது செய்தால் போதும்.

வகைக்கு வகை வித்தியாசம் உண்டு. செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும், வினிகருக்கும் அசராது. கெட்டி க்ரீமும் கடினநீரும் சேர்ந்த வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். பன்றி முடி பழகப் பழக நுனி பிளந்து மென்மையாகும், அதைக் கேடு என்று நினைக்க வேண்டாம். அடர்த்தியான பேட்ஜர் கற்றை முகத்துக்கு இதம், ஆனால் படிவு அதிகம் சிக்குவதும் அதில்தான்.

கொதிநீர் எந்த வகைக்கும் ஆகாது. முடியும் கெடும், கற்றையைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். புது பிரஷ்ஷைக் கொதிக்கவைக்கச் சொல்வது பழைய பயத்தின் மிச்சமோ என்னவோ: முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்காத முடியால் செய்த பிரஷ்கள் மூலம் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் பரவியது உண்மை. இன்று புது பிரஷ்ஷின் வாடைக்கு ஷாம்பு போதும்.

தலைகீழாகத் தொங்கவிட வேண்டுமா என்பது தீராத வாக்குவாதம். நிற்கவைத்தும் தொங்கவிட்டும் வைத்திருக்கிறேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காற்றோட்டம்தான் வேண்டும். ஈரத்தோடு அலமாரியில் பூட்டினால் ஸ்டாண்டு இருந்தும் பூஞ்சை வாடை வரும். மரக் கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், வெடிக்கும்.

புது பிரஷ்ஷில் ஆரம்பத்தில் சில முடிகள் உதிர்வது சகஜம். பழைய பிரஷ்ஷில் கொத்தாக வந்தால் கற்றையின் ஆயுள் முடிந்தது. கற்றை முழுசாகக் கழன்று வந்தால் எபாக்சி பசையில் மறுபடி உட்கார வைக்கலாம். கைப்பிடி நன்றாக இருந்தால் கற்றையை மட்டும் வாங்கியும் மாற்றலாம். அப்போது கைப்பிடிக் குழியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 24 மி.மீ. கற்றை 22 மி.மீ. குழிக்குள் போகாது.