ஆன்லைன் ஏலக்காய்க் கடை: பாதி ஸ்டாக் காட்டுவதா, ஆர்டருக்கு வரம்பு வைப்பதா?

போடி, கம்பம், குமுளிப் பக்கம் ஏலக்காயை ஆன்லைனில் விற்பவர்கள் ஸ்டாக் எண்ணை வெளியே விடுவது, கொள்முதல் கணக்கையே காட்டுவதற்குச் சமம். போடியிலும் கேரளப் பக்கத்துப் புத்தடியிலும் நடக்கும் மின்-ஏலத்தில் வந்த சரக்கு எவ்வளவு, சராசரி விலை என்ன என்பது நறுமணப் பொருள் வாரியத்தின் தளத்தில் வந்துவிடும். ஏலத்துக்கு மறுநாள் உங்கள் 8 மி.மீ. பருமன் ரகம் 40 பாக்கெட்டிலிருந்து 340 ஆனால், என்ன விலைக்கு எடுத்திருப்பீர்கள் என்று எதிர்க்கடைக்காரர் ஏறக்குறையச் சொல்லிவிடுவார். அதிக விலைக்கு வாங்கிவிட்டு நிறைய சரக்கை வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், அடுத்த வாரம் அவர் விலை இறங்கும்.

வூகாமர்ஸ் (வேர்ட்பிரஸ் தளத்தில் கடை நடத்தும் மென்பொருள்) கடையில் இருப்பு எண்ணைக் காட்டவே வேண்டாம் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை எல்லோரும் போடத்தான் வேண்டும், ஆனால் அது வாசலில் திரை போடுவது மட்டும்தான். எத்தனை வேண்டும் என்று கேட்கும் அளவுப் பெட்டியின் அதிகபட்ச மதிப்பாக உங்கள் முழு ஸ்டாக்கும் பக்கத்தின் மூலநிரலில் (source code) உட்கார்ந்திருக்கும். அது போதாதென்று, முகவரிப் பட்டையில் அளவை 999 என்று மாற்றி அனுப்பினால், “போதிய இருப்பு இல்லை, மீதம் இத்தனை” என்று கடையே பதில் சொல்லும்.

இதை அடைக்க மூன்று வழி. ஒன்று, இருப்பு தீர்ந்தாலும் ஆர்டர் எடுக்கும்படி விட்டுவிடுவது. எண் கசியாது. ஆனால் இல்லாத சரக்குக்குப் பணம் வாங்கிவிட்டு, ஏலத்தில் விலை ஏறிய நாளில் கைநஷ்டத்துக்கு வாங்கி அனுப்ப வேண்டிவரும். ஏலக்காய்க்கு இது ஆகாது.

இரண்டாவது, குடோனில் 300 இருந்தாலும் தளத்தில் 20 மட்டும் ஏற்றிவிட்டு, தீரத் தீர நிரப்புவது. பலர் செய்வது இதைத்தான். நிரப்ப மறந்த இரவில் கடை “இருப்பு இல்லை” என்று நிற்கும், விளம்பரக் காசு மட்டும் ஓடும். பல தளங்களுக்கு ஒரே ஸ்டாக்கை அனுப்பும் மென்பொருள் வைத்திருந்தால், அது நீங்கள் போட்ட 20-ஐ அழித்து முழு எண்ணை ஏற்றிவிடும். இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். பெரிய ஓட்டை வேறு. காலையில் 20, இரவில் 7, மறுநாள் 20, இரவில் 4 என்று குறித்துக்கொண்டே வருபவருக்கு உங்கள் தினசரி விற்பனை 13, 16 என்று அப்படியே கிடைக்கிறது. இருப்பு மறைந்தது, விற்பனை வேகம் மறையவில்லை. விலை போடுகிறவருக்கு அதுதான் அதிகம் பயன்படும் தகவல்.

அதனால் என் ஓட்டு மூன்றாவதுக்கு: உண்மையான இருப்பையே ஏற்றி, ஓர் ஆர்டருக்கு இத்தனைதான் என்று வரம்பு வைப்பது. வரம்பு 5 என்றால் 340 இருந்தாலும் 60 இருந்தாலும் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் 5. எண் அசையாது, வேகமும் தெரியாது. இருப்பு 5-க்குக் கீழே இறங்கும்போதுதான் உண்மை எண் எட்டிப்பார்க்கும். அதற்கு, “இருப்பு இல்லை” எனக் கணக்கிடும் எல்லையை 0-விலிருந்து 5-க்கு உயர்த்துங்கள். இப்போது தளத்தில் பொருள் இருக்கிறது என்றால் குறைந்தது 6 உண்டு, எனவே வரம்புதான் எப்போதும் முந்தும். கடைசி ஐந்து பாக்கெட்டை நேரடியாக விற்றுக்கொள்ளலாம். இந்த எல்லை கடை முழுவதற்கும் பொது. ரகத்துக்கு ரகம் வரம்பு வேறென்றால் பெரிய வரம்பையே எல்லையாக வையுங்கள். குறைந்த இருப்பு எச்சரிக்கை இயல்பாக 2-இல் இருக்கும், அதையும் 25 போல ஏற்றாவிட்டால் எச்சரிக்கை வரும் முன்பே கடை மூடிவிடும்.

வரம்பை எல்லா இடத்திலும் போடாமல் பாதி இடத்தில் மட்டும் போடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அளவுப் பெட்டியில் மட்டும் போட்டால் முகவரிப் பட்டை வழி திறந்தே இருக்கும். கூடையில் ஏற்கெனவே உள்ளதைக் கூட்டிப் பார்க்காத வரம்புச் செருகுநிரல் (plugin) என்றால் ஐந்து ஐந்தாகச் சேர்த்தே கடைசி எண் வரை போய்விடலாம். புதிய பிளாக் வகைக் கூடை ஸ்டோர் ஏபிஐ (பக்கமும் கடையும் தகவல் பரிமாறும் தனி வழி) வழியாக ஓடுகிறது, அதிகபட்ச அளவு அங்கேயும் தனியாக வெளிவரும். வரம்பு போட்ட பிறகு மறைநிலைச் சாளரத்தில் (incognito) பொருள் பக்கம், முகவரிப் பட்டை, கூடை மூன்றிலும் 999 கேட்டுப் பாருங்கள். பதிலில் 5 தவிர வேறு எண் வரக்கூடாது.

இடைஞ்சல் இல்லாமல் இல்லை. ஓணம், தீபாவளி நேரத்தில் முப்பது பாக்கெட் கேட்கும் ஸ்வீட் ஸ்டால்காரர் 5-ஐப் பார்த்துத் திரும்பிவிடுவார். “மொத்தமாக வேண்டுமா?” என்று ஒரு வாட்ஸ்அப் பொத்தானை அளவுப் பெட்டிக்குக் கீழேயே வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மொத்த ஆர்டரே பிரதானம் என்கிற கடைக்கு இந்த முறையை அடித்துச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அமேசானிலும் ஓர் ஆர்டருக்கான அதிகபட்ச அளவைக் குறிக்க விற்பவர் கணக்கில் இடம் உண்டு. ஆனால் சரக்கு குறைந்ததும் “இன்னும் இத்தனைதான்” என்ற வரியை அமேசானே போட்டுவிடும், எனவே அங்கே அடிமட்டம் வரை இறங்கவிடாதீர்கள்.

எல்லாம் அடைத்த பிறகும் பாக்கெட்டுக்குள் போகும் பில் காட்டிக்கொடுக்கும். திங்கள் ஒரு பாக்கெட், அடுத்த திங்கள் ஒரு பாக்கெட் வாங்கி இரண்டு பில் எண்ணையும் கழித்தால் வார விற்பனை கையில். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் வரிசையாகத்தான் போக வேண்டும், இஷ்டத்துக்குக் கலைக்க முடியாது. ஆனால் 16 எழுத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள் வைக்க அதே விதி இடம் தருகிறது. தளத்துக்கு ஒன்று, வாட்ஸ்அப் ஆர்டருக்கு ஒன்று, கேரளா அனுப்புவதற்கு ஒன்று என்று பிரித்துவிட்டால், ஒரு தொடரைக் கழித்துப் பார்ப்பவருக்கு மொத்தம் கிடைக்காது.