யூயூசிபியா, எஸ்எம்டிபியா? டயல்அப் தளத்துக்கு அஞ்சல் கொண்டுபோகும் இரண்டு வழிகள்

மோடத்தில் நாளைக்கு நாலைந்து முறை மட்டுமே இணையும் யூனிக்ஸ் தளத்துக்கு, வரிசையில் தேங்கிய அஞ்சலை எப்படிச் சேர்ப்பது? வெறும் தொலைபேசிதான் என்றால், யூனிக்ஸ் கணினிகளிடையே கோப்புகளை நகலெடுக்கும் யூயூசிபி. நிலையான ஐபி முகவரி (இணையத்தில் கணினியின் மாறாத எண்) கிடைத்துவிட்டால், இணைய அஞ்சல் நெறிமுறையான எஸ்எம்டிபி.

பெல் லேப்ஸில் பிறந்து 1979-இல் யூனிக்ஸ் 7-ஆம் பதிப்போடு வெளிவந்த யூயூசிபியின் பெரிய பலம், யார் அழைத்தாலும் ஒரே அழைப்பில் இரு பக்க அஞ்சலும் போய்விடும் என்பது. ஸ்பூலில், அதாவது அனுப்பக் காத்திருப்பவை தேங்கும் அடைவில், 'சி.' கோப்பு வேலையைச் சொல்லும், 'டி.' கோப்பு மடலைச் சுமக்கும், மறுமுனைக்கு 'எக்ஸ்.' என்ற பெயரில் போய்ச் சேரும் கோப்பு அங்கே மடலைப் பெற்றுக்கொள்ளும் ஆர்மெயில் நிரலை ஓடவிடும். எந்தத் தளத்தை எப்போது, எப்படி அழைப்பது என்று சொல்லும் சிஸ்டம்ஸ் கோப்பின் நேரப் பத்தியில் இரவு நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் தொலைபேசிக் கட்டணமும் குறையும்.

சிக்கல், யூயூசிபி தரவை அனுப்பப் பயன்படுத்தும் 'ஜி' நெறிமுறையில். பாக்கெட்டுக்கு 64 பைட், சாளரம் (பதில் வராமலே அனுப்பக்கூடிய பாக்கெட்டுகள்) வழக்கமாக 3. அதாவது 192 பைட் போனதும், கிடைத்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும். போய்வர அரை நொடி பிடிக்கும் செயற்கைக்கோள் இணைப்பில் நொடிக்கு 350 பைட் தேறினாலே அதிகம். 9600 பிபிஎஸ் மோடமோ ஏறத்தாழ 960 பைட் தரவல்லது. டெலிபிட் டிரெயில்பிளேசர் மோடம் அந்தப் பதிலைத் தானே உள்ளூரில் கொடுத்து இதைச் சமாளித்தது. வழியில் எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் (சில பைட்டுகளை நிறுத்து, தொடர் என்ற சைகையாக எடுத்துக்கொள்ளும் முறை) இருந்தால் 'ஜி' ஓடவே ஓடாது. 8 பிட்டும் தடையின்றிப் போயாக வேண்டும்.

அழைப்பு ஒருமுறை தோற்றால் யூயூசிபியின் ஹனிடான்பெர் பதிப்பு மறுமுயற்சியைத் தள்ளிப்போடும். மோடத்தைச் சரிசெய்த பிறகும் "ரீட்ரை டைம் நாட் ரீச்ட்" (மறுமுயற்சி நேரம் வரவில்லை) என்று அடம்பிடித்தால், ஸ்பூலின் '.ஸ்டேட்டஸ்' அடைவில் அந்தத் தளத்தின் பெயரிலுள்ள கோப்பை நீக்கிவிட்டு, அழைப்பைச் செய்யும் யூயூசிகோ நிரலை மறுபடி ஓட்டுங்கள். இதைவிடத் தொல்லை, மடலை வாங்கி அடுத்த தளத்துக்குக் கைமாற்றும் நடுவழித் தளம். அது செத்துக் கிடந்தால் மடல் அங்கேயே சத்தமில்லாமல் படுத்திருக்கும். திரும்பி வருவதற்குள் நாட்கள் ஓடிவிடும்.

எஸ்எம்டிபியில் இந்தக் குருட்டுத்தனம் குறைவு. கடைசித் தளத்தோடு நேரே பேசும்போது, இல்லாத பயனருக்கு அங்கேயே 550 என்ற மறுப்பு எண் வரும். 4-இல் தொடங்கும் பதில் (தற்காலிகத் தோல்வி) என்றால் அஞ்சல் அனுப்பும் நிரலான செண்ட்மெயில் மடலை வரிசையில் வைத்துக்கொள்ளும்: 'கியூஎஃப்' கோப்பில் உறைத் தகவல் (யாரிடமிருந்து, யாருக்கு), 'டிஎஃப்' கோப்பில் உடல். வழக்கமான அமைப்பில் 4 மணி நேரத்தில் எச்சரிக்கை, 5 நாளில் திருப்பி அனுப்பல். டயல்அப் தளத்தில், செலவான இணைப்புக்குரிய மடலை உடனே அனுப்பாமல் வரிசையில் நிறுத்தும் ஹோல்ட்எக்ஸ்பென்சிவ் அமைப்பை இயக்கி, மெயிலருக்கு (அனுப்பும் வழியின் வரையறை) அது செலவானது என்று சொல்லும் 'இ' கொடியும் வையுங்கள். இல்லையேல் மடலுக்கு மடல் மோடம் டயல் செய்யும். தளப் பெயருக்கு ஐபி முகவரி கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் தேடலே மோடத்தைக் கிளப்பிவிடுவதும் உண்டு.

ஆனால் எஸ்எம்டிபியில் அனுப்புபவர்தான் தள்ள வேண்டும். பெறுபவரால் இழுக்க முடியாது. இதற்கு எஸ்எம்டிபியின் 1982 வரையறையான ஆர்எஃப்சி 821 தந்த 'டர்ன்' கட்டளை, அனுப்புபவரும் பெறுபவரும் இடம் மாற வைப்பது, பெயரை மட்டும் சொல்லி யாரும் அடுத்தவர் அஞ்சலை அள்ளிப்போக வழிவிட்டது. 1996-இல் வந்த 'இடர்ன்' கட்டளைக்கு, அஞ்சலை வைத்திருக்கும் வழங்கி தனி இணைப்பைத் திறந்து, டிஎன்எஸ் காட்டும் முகவரிக்கே அனுப்பும். அதனால்தான் நிலையான ஐபி தேவை. பதில் 251 என்றால் வரிசை காலி, 253 என்றால் மடல் காத்திருக்கிறது, 459 என்றால் உங்களுக்கு அனுமதியில்லை. இணைப்புக்கு இணைப்பு ஐபி மாறுகிறதென்றால் 1999-இன் 'ஏடர்ன்' பொருந்தும்: 366-ஆம் போர்ட்டில் உள்நுழைந்து உரிமையை நிரூபித்தபின், அதே இணைப்பில் அஞ்சல் திரும்பி வரும்.