எஸ்தோனியாவின் இணைய ஓட்டு: போட்டது தெரியும், எண்ணியது தெரியுமா?

வீட்டிலிருந்தே இணையத்தில் ஓட்டுப் போடும் வசதி, ஐரோப்பிய நாடான எஸ்தோனியா 2005 உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கிய சேவை இது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் விழுந்த ஓட்டுகளில் பாதிக்கு மேல் இணையத்தில்தான் விழுந்தன.

சிப் உள்ள அடையாள அட்டை, கார்டு ரீடர், கணினி மூன்றும் வேண்டும். மொபைல்-ஐடி (போன் சிம்மில் உள்ள அடையாளம்) இருந்தால் ரீடர் தேவையில்லை. ஓட்டுச் செயலியை இறக்கி நாலு இலக்க ரகசிய எண்ணான பின்1 (PIN1) போட்டால் வேட்பாளர் பட்டியல் வரும். ஆளைத் தேர்ந்தெடுத்து ஐந்து இலக்க பின்2 போட்டால் டிஜிட்டல் கையெழுத்து விழும். மூன்று தடவை தப்பாகப் போட்டால் பின் எண் பூட்டிக்கொள்ளும், பியூகே (PUK) எண் இல்லாமல் திறக்காது. கடைசி நாள் மாலைவரை காத்திருக்காதீர்கள்.

உள்ளே நடப்பது நம் தபால் ஓட்டின் இரட்டை உறை மாதிரிதான். உள்ளுறை, தேர்தல் சாவியால் பூட்டிய ஓட்டு. வெளியுறை, உங்கள் கையெழுத்து. வெளியுறையைக் கழற்றிய பிறகே உள்ளே இருப்பதைத் திறப்பார்கள். யாராவது பக்கத்தில் நின்று மிரட்டிப் போடவைத்தால், பிறகு தனியாக உட்கார்ந்து மறுபடி போடலாம், கடைசி ஓட்டுதான் செல்லும். வாக்குச்சாவடிக்குப் போய்ச் சீட்டில் போட்டாலோ இணைய ஓட்டே ரத்து.

எனக்கு மிகவும் பிடித்தது, 2013இல் வந்த சரிபார்ப்பு. ஓட்டுப் போட்டதும் திரையில் க்யூஆர் கோடு வரும். அரை மணி நேரத்துக்குள் போனில் ஸ்கேன் செய்தால், சர்வரில் யார் பெயருக்கு ஓட்டு பதிவாகியிருக்கிறது என்று தெரியும். கணினியில் வைரஸ் புகுந்து ஓட்டை மாற்றிவிட்டு, திரையில் மட்டும் நீங்கள் தேர்ந்த பெயரைக் காட்டினால், அதைப் பிடிக்க இன்னொரு கருவி வேண்டும், போன் அதற்குத்தான். ஆனால் இதைச் செய்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். பெயர் மாறியிருப்பதைப் பார்த்தவர் உடனே புகார் கொடுக்கவில்லை என்றால் அந்த ஐந்து பேராலும் பயனில்லை.

கறைகளும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையிலான குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், தேர்தல் அதிகாரிகளே எடுத்த வீடியோவில் சுவரில் ஒட்டிய வைஃபை பாஸ்வேர்டு தெரிந்ததைச் சுட்டிக்காட்டியது. 2017இல் சிப்பிலேயே குறை தெரியவந்து, சுமார் ஏழரை லட்சம் அட்டைகளின் சான்றிதழ்களை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. அதை மறைக்காமல் சொன்னதால்தான் நம்பிக்கை தப்பியது.

சரிபார்ப்பு சர்வர்வரைதான். அங்கிருந்து எண்ணிக்கைக்குள் ஓட்டு சரியாகப் போனதா என்பதைக் கணிதச் சான்றுகளைப் படிக்கத் தெரிந்த தணிக்கையாளர்கள்தான் சொல்ல முடியும். சீட்டு எண்ணும் மேசையருகே நிற்கும் சாதாரண ஏஜென்டுக்கு இருக்கும் பார்வை இங்கே வாக்காளருக்கு இல்லை. அதைக் கொடுக்கும்வரை முழு மார்க் போட மனம் வரவில்லை.