கோலம் போடும் பிள்ளைகளும் டிகே விண்டோவும்: எந்தக் கூண்டு தாங்கும்?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் ஒரு கோயில் கூடத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு. வார நாட்களில் எபேன் சைபர் சிட்டியில் மென்பொருள் வேலை பார்க்கும் எனக்கு, அன்று காலை இரண்டு மணி நேரம் பன்னிரண்டு பிள்ளைகள். வீட்டில் கிரியோல், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். 'புள்ளி', 'கோடு', 'வளைவு', 'வரிசை' என்று பலகையில் எழுதிப் போட்டால் அடுத்த ஞாயிறு ஒன்றும் மிஞ்சாது. அவற்றையே கட்டளைகளாக வைத்துக் கோலம் போடச் சொன்னால் மிஞ்சும். அதற்குத்தான் டிக்கிள் (Tcl) என்ற நிரல்மொழியும் அதன் வரைகலைத் தொகுப்பான டிகேயும் (Tk). டிக்கிளில் கட்டளைக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மொழி முகம் சுளிக்காது. ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் எழுதி பென்டிரைவில் தருவார்கள். என் நிரல் பன்னிரண்டையும் புரொஜெக்டரில் அருகருகே ஓட்டிக் காட்டும்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் ஒரு ஸ்கிரிப்ட் திரை முழுக்கக் கறுப்பாக ஒரு விண்டோவைத் திறந்தது. தலைப்புப் பட்டை இல்லை, மூடும் பொத்தான் இல்லை, விசைப்பலகையும் மவுஸும் அதன் பிடியில். கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். கூடமே சிரித்தது. பிறகு பார்த்தால் மொத்தம் ஒன்பது வரிதான்.

அந்தப் பையன் எந்தக் கோப்பையும் தொடவில்லை, நெட்டில் எதையும் அனுப்பவில்லை. சாண்ட்பாக்ஸ், அதாவது நம்பாத நிரலை அடைத்து ஓட்டும் கூண்டு, என்றாலே நாம் கோப்பையும் நெட்வொர்க்கையும்தான் நினைக்கிறோம். வரைகலைத் தொகுப்பு உள்ளே வந்துவிட்டால் காக்க வேண்டிய சொத்து வேறு: திரை, விசைப்பலகை, கிளிப்போர்ட், பார்ப்பவரின் நம்பிக்கை. அந்தக் கேள்வியை வைத்து, பிறர் எழுதிய ஸ்கிரிப்டுக்கு விண்டோ கொடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாக முயன்றேன்.

முதலில் டிக்கிளின் சொந்த ஏற்பாடு, அதாவது சேஃப் டிக்கிள், சேஃப் டிகே. இதன் வேர் மின்னஞ்சலில் இருக்கிறது. நதானியேல் போரென்ஸ்டைனும் மார்ஷல் ரோஸும் 1990களின் தொடக்கத்தில், கடிதத்துக்குள் ஓடும் நிரலை அனுப்ப முடியுமா என்று பார்த்தபோது பிறந்த யோசனை. டிக்கிளை உருவாக்கிய ஜான் அவுஸ்டர்ஹவுட்டின் குழு சன் நிறுவன ஆய்வகத்தில் இருந்தபோது அதை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் உலாவிக்குள் டிகே நிரல் ஓட்டும் செருகுநிரல்கூட இருந்தது. ஜாவா ஆப்லெட்டை நினைவு வைத்திருப்பவர்கள் பலர், அப்படி ஓடிய டிக்லெட்டை நினைவு வைத்திருப்பவர்கள் சிலர்.

அமைப்பு எளிது. ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டுவது இன்டர்ப்ரெட்டர். தாய் இன்டர்ப்ரெட்டர் ஒரு பிள்ளை இன்டர்ப்ரெட்டரைப் பாதுகாப்பு முறையில் உருவாக்கும். வேறு நிரலை ஓட்டும் எக்ஸெக், கோப்பைத் திறக்கும் ஓபன், நெட்டில் பேசும் சாக்கெட், நூலகத்தை ஏற்றும் லோட் போன்றவை பிள்ளையின் கண்ணிலிருந்து மறைக்கப்படும். அவை அழிக்கப்படுவதில்லை, தாய் நினைத்தால் பிள்ளைக்குள் அவற்றைக் கூப்பிடலாம், பிள்ளையால் முடியாது. நூலகக் கோப்புகளைப் பிள்ளை படிக்கலாம், ஆனால் கோப்புறையின் உண்மைப் பெயர் அதற்குத் தெரியாது, கையில் ஓர் அடையாளச் சீட்டு மட்டும் இருக்கும். அதன்பின் தாய் 'சேஃப் லோட்டிகே' என்ற கட்டளையால் டிகேயைப் பிள்ளைக்குள் ஏற்றுகிறது. பிள்ளையின் சொல்லை நம்பி எதுவும் தொடங்குவதில்லை. எந்த விண்டோ, எந்தத் திரை என்பதைத் தாயிடம் கேட்டுத்தான் டிகே விழிக்கிறது.

எனக்குப் பிடித்தது இங்கே மறைக்கப்படும் டிகே கட்டளைகளின் பட்டியல். தனி விண்டோ திறக்கும் டாப்லெவலும் மெனுவும் இல்லை, இரண்டாலும் திரையை மூடிவிட முடியும். கிராப் இல்லை, அது மற்ற நிரல்களைத் தொடவிடாமல் பூட்டும். கிளிப்போர்டும் செலக்‌ஷனும் இல்லை. நீங்கள் நகலெடுத்ததை மாற்றி, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை ஒன்றை அங்கே வைத்துவிட்டால், டெர்மினலில் ஒட்டும்போதுதான் தெரியும். செண்ட் இல்லை, அது பக்கத்தில் ஓடும் வேறொரு டிகே நிரலுக்கு, கூண்டில்லாத நிரலுக்கு, உத்தரவு போடும். பெல்கூட இல்லை, விடாமல் மணியடித்தால் தொல்லை என்பதற்காக. பன்னிரண்டு பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்த யாரோ ஒருவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும்.

டிகேயை ஏற்ற இரண்டு வழி. ஒன்றும் சொல்லாமல் ஏற்றினால் பிள்ளைக்குத் தனி விண்டோ கிடைக்கும். அதில் சிவப்புப் பட்டை, நம்பத்தகாத நிரல் என்ற எச்சரிக்கை, அழிக்க ஒரு பொத்தான் எல்லாம் தாய் போட்டுக் கொடுக்கும். 'யூஸ்' என்ற தேர்வைக் கொடுத்தால், நாம் காட்டும் சட்டத்துக்குள்தான் (ஃபிரேம்) பிள்ளையின் உலகம். வகுப்புக்கு இரண்டாவதுதான் சரி: நான்குக்கு மூன்றாகப் பன்னிரண்டு சட்டங்கள். ஆனால் முன்பின் தெரியாதவரின் நிரலை ஓட்டுகிறவர் சிவப்புப் பட்டையை இழக்கக் கூடாது. உங்கள் நிரலின் நடுவே ஒரு சட்டத்தைக் கொடுத்தால், அங்கே உங்கள் நிரலைப் போலவே ஒரு கடவுச்சொல் பெட்டியை வரையலாம். அதற்கு மறைத்த கட்டளை ஒன்றுகூடத் தேவையில்லை.

இனி ஓட்டைகள். 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பார்கள். இங்கே வாய் மட்டும்தான் வேறு, வயிறு ஒன்றே. இரண்டும் ஒரே புராசஸில், என் நிரலில் ஒரே த்ரெட்டில் ஓடுகின்றன. பிள்ளை முடிவில்லாத சுழலுக்குள் போனால் தாயும் உறையும். 8.5 பதிப்பில் வந்த 'இன்டெர்ப் லிமிட்' இதற்கு மருந்து: இத்தனை கட்டளைக்கு மேல் ஓடாதே, இந்த நேரத்துக்கு மேல் ஓடாதே என்று வரம்பு போடலாம். நேர வரம்பு 'ஐந்து நொடி' என்பதாக இருக்காது, 'இந்தக் கடிகார நேரம் வரை' என்பதாக இருக்கும். பொத்தானை அழுத்தும்போது ஓடும் நிரலுக்கும் அதே கெடுதான், நீட்டிக்காவிட்டால் கோலம் வரைந்து முடித்தபின் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சனிக்கிழமை இரவு முழுதும் போனது.

நினைவகத்துக்கு வரம்பே இல்லை. ஓர் எழுத்தை நூறு கோடி தடவை திருப்பி எழுதச் சொன்னால் அது ஒரே கட்டளை, வரம்பின் கண்ணில் ஒன்று என்றே எண்ணப்படும். நினைவகம் கிடைக்காவிட்டால் டிக்கிள் பெரும்பாலும் பிழை சொல்லி மீள்வதில்லை, மொத்தப் புராசஸும் சாகிறது. மற்றப் பதினொரு கோலங்களும் அதோடு போகும்.

அடுத்த வழி, பிள்ளைக்கு டிகேயே கொடுக்காமல் இருப்பது. வெறும் சேஃப் இன்டர்ப்ரெட்டர். அதற்குள் புள்ளி, கோடு, வளைவு, நிறம் என்று நான்கு மாற்றுப்பெயர்கள், அவ்வளவே. ஒவ்வொன்றும் தாயின் ஒரு புரொசீஜரைக் கூப்பிடும், தாய் தன் கான்வாஸில் வரையும். லோட்டிகே முறை 'இவற்றைத் தவிர எல்லாம் உண்டு' என்கிறது, இது 'இவை மட்டும் உண்டு' என்கிறது. எதையாவது மறைக்க மறந்தோமா என்ற கவலை போகிறது.

போகிற கவலை வேறு இடத்தில் வந்து நிற்கும். பிள்ளை அனுப்பும் மதிப்பைத் தாய் கூண்டுக்கு வெளியே, முழு அதிகாரத்தோடு கையாள்கிறது. ஆரம் எவ்வளவு என்று கணக்கிட, டிக்கிளின் கணக்குக் கட்டளையான 'எக்ஸ்பிஆர்' எழுதி, அதன் கோவையைச் சுற்றி நெளிவு அடைப்பு போட மறந்தால் கதை முடிந்தது. பிள்ளை எண்ணுக்குப் பதில் சதுர அடைப்புக்குள் ஒரு கட்டளையை அனுப்பினால், அது தாய்க்குள் ஓடும். கூண்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வீசிய கதை. ஒவ்வொரு மதிப்பும் எண்தானா என்று வாசலிலேயே சோதிக்க வேண்டும். நான்கு கட்டளைக்கு அது பத்து நிமிட வேலை. நாற்பது கட்டளை என்றால் நான் இந்த வழிக்கு வரமாட்டேன்.

'எல்லோரும் பைத்தான்தானே படிக்கிறார்கள், டிகின்டர் போதாதா?' என்று வகுப்புக்கு உதவ வரும் அக்கா கேட்டார். டிகின்டர் என்பது பைத்தானிலிருந்து டிகேயை ஓட்டும் தொகுப்பு. நியாயமான கேள்விதான், ஆனால் பைத்தானுக்குள் கூண்டு நிற்பதில்லை. ரெக்ஸெக் என்ற பழைய முயற்சியை 2.3 பதிப்பில், 2003இல், முடக்கினார்கள், 3.0இல் எடுத்தே விட்டார்கள். பைத்தான் மேம்பாட்டாளர் விக்டர் ஸ்டின்னர் தன் பைசாண்ட்பாக்ஸை 2013இல், வடிவமைப்பே உடைந்தது என்று சொல்லிக் கைவிட்டார். உள்ளமைந்த ஃபங்ஷன்களை எல்லாம் பறித்துவிட்டாலும், ஒரு வெற்று டூப்பிளிடம் (பைத்தானின் ஒருவகை மதிப்புப் பட்டியல்) உன் வகுப்பு (கிளாஸ்) எது, அதன் மூல வகுப்பு எது, அந்த மூலத்தின் வாரிசுகள் யார் யார் என்று குலவரலாறு கேட்டே வெளியே வந்துவிடலாம். டிகின்டர் இதற்கு மேல் ஒரு வாசலையும் திறந்து வைக்கிறது. பொத்தான், லேபிள் போன்ற அதன் ஒவ்வொரு விட்ஜெட்டிலும் 'டிகே' என்ற பண்பு இருக்கிறது, அது நேரே கீழே ஓடும் டிக்கிள் இன்டர்ப்ரெட்டர், கூண்டில்லாதது. ஒரு லேபிளைக் கையில் கொடுத்தால் எக்ஸெக்கையே கொடுத்த மாதிரி. அக்காவிடம் இதை ஓட்டிக் காட்டியபோது, "அப்போ லேபிளே வேணாம்ப்பா" என்றார்.

தனிப் புராசஸ்தான் வயிற்றையும் பிரிக்கும் வழி. ஆளுக்கொரு விஷ் (டிகே ஸ்கிரிப்டை ஓட்டும் நிரல்) புராசஸ், லினக்ஸில் பபுள்ராப் என்ற கூண்டுக் கருவி போட்டு கோப்பையும் நெட்டையும் அடைத்து, நினைவகத்துக்கு இயக்கமுறைமையின் வரம்பு. ஒன்று செத்தால் மற்றவை நிற்கும். ஆனால் நம் கேள்வி திரை. லினக்ஸில் திரையைக் கையாளும் பழைய எக்ஸ்11 முறையில், திரையில் இணைந்த எந்த நிரலும் மற்ற நிரல்களில் அடிக்கப்படும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். கோப்பை எவ்வளவு இறுக்கினாலும் இந்த ஜன்னல் திறந்தே இருக்கும். ஸெஃபிர் போல உள்ளுக்குள் ஒரு பொய்த்திரை ஓட்ட வேண்டும். முன்பின் தெரியாதவரின் நிரல் என்றால் நான் இதைத்தான் செய்வேன், உள்ளே சேஃப் டிகேயையும் சேர்த்து. கோயில் கூடத்தில் தானமாக வந்த மூன்று கணினிகளில் பன்னிரண்டு பொய்த்திரை நடக்கிற காரியமில்லை.

உலாவி வழியை விரிக்கத் தேவையில்லை. பக்கத்துக்குள் பக்கம் காட்டும் ஐஃப்ரேமில் சாண்ட்பாக்ஸ் பண்பு போட்டு ஸ்கிரிப்டை மட்டும் அனுமதித்தால், பாப்-அப், அலெர்ட் எல்லாம் தானே அடைபடும். டிகே மறைக்கும் பட்டியலின் அண்ணன் மகன் போலத்தான் அது. புதிதாகத் தொடங்குகிறவர் அங்கேயே தொடங்கலாம். ஒரே மூலம், அதாவது ஒரே தளம், என்று நடத்தும் அனுமதியையும் கூடவே கொடுத்து, பக்கத்தையும் உங்கள் தளத்திலிருந்தே தந்தால், உள்ளிருப்பது அந்தப் பண்பையே கழற்றிவிட முடியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வகுப்பில் இப்போது ஓடுவது முதல் இரண்டின் கலவை. சின்னப் பிள்ளைகளுக்கு நான்கு மாற்றுப்பெயர்கள். பெரியவர்கள் நால்வருக்குச் சட்டத்துக்குள் சேஃப் டிகே, கட்டளை வரம்போடு. கறுப்பு விண்டோக் கலைஞன் அந்த நால்வரில் ஒருவன். முதல் நாளே டாப்லெவலை முயன்று, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதிலைக் கண்டு முகம் சுருங்கினான். அடுத்து, எழுத்தை வெளியே காட்டும் புட்ஸ் கட்டளையை எழுதினான், அதற்கும் பிழை, ஏனென்றால் பிள்ளை இன்டர்ப்ரெட்டருக்கு ஸ்டாண்டர்ட் அவுட்புட்டே கிடையாது. அதற்கு மட்டும் ஒரு மாற்றுப்பெயர் போட்டு, அவன் சட்டத்துக்குக் கீழே எழுத்து வரும்படி செய்தேன்.

தீராத ஒன்று இருக்கிறது. எங்கள் லினக்ஸ் கணினிகளின் 8.6 டிகே தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்காது. எங்கள் நாட்டு ரூபாய் நோட்டில் ஒழுங்காக நிற்கிற தமிழ், இந்தத் திரையில் 'கோலம்' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தலைப்பைப் படமாக வைக்கலாம் என்றால், சேஃப் இன்டர்ப்ரெட்டருக்குள் கோப்பிலிருந்து படம் திறக்க டிகே மறுக்கிறது. ஆகவே தாய் படத்தைப் படித்து, பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாற்றி, 'தலைப்பு' என்ற மாற்றுப்பெயர் வழியாகப் பிள்ளைக்குத் தருகிறது. பிள்ளை அதை டேட்டாவாக ஏற்றிக்கொள்கிறது. பிள்ளை தானாகவும் எந்த டேட்டாவையும் கொடுத்துப் படமாக்கலாம், அதைப் பிரித்துப் படிக்கும் சி நிரல் அதே வயிற்றில்தான் இருக்கிறது. 'இமேஜ்' கட்டளையையும் மறைத்துவிட்டு, தலைப்புப் படத்தைத் தாயே சட்டத்துக்கு மேலே ஒட்டிவிடலாமா என்று வரும் ஞாயிறு பார்க்கப் போகிறேன்.